முப்பத்தொரு மீட்டர்

வெட்டூர்ணிமடத்தில் டைல்ஸ் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். மூன்று மேசை, ஒரு இன்வெர்ட்டர்.
ஷெர்ஜின் வேகத்தின் ஆள்.
கோசைனைப் பதினோரு மைக்ரோ நொடியிலிருந்து
இரண்டுக்கு இறக்கிய அன்று
எல்லோருக்கும் ரசவடை வாங்கித் தந்தான்.

தொடரின் வாலை நறுக்கியிருந்தான்.
நாலு உறுப்பு போதும், மிச்சமெல்லாம்
தூசி என்றான்.
நானும் தலையாட்டினேன்.
ரசவடை சூடாக இருந்தது.

படகில் பொருத்தும் கருவி.
ஒரு பேட்டரியில் நாற்பது நாள் கடலில் கிடக்கவேண்டும்.
சுற்றி நிற்கும் படகெல்லாம் எத்தனை தூரம் என்று
நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருக்கும்.
நிதானமாக நினைக்க
அதற்கு வசதியில்லை.

தேங்காப்பட்டணத்திலிருந்து பெர்க்மான்ஸ் போன் செய்தார்.
பின்னால் ஐஸ் உடைக்கும் மிஷின்.
"ஒங்க பெட்டி ராத்திரி பூரா கத்துது பிள்ளே.
ஒண்ணரை கிலோமீட்டருக்குள்ள எவன் வந்தாலும்
இடிச்சாச்சு இடிச்சாச்சுங்குது.
அன்னா தூரத்துல மினுங்குற வெளிச்சத்துக்கும்
பூச்சியம்னு காட்டுது.
பயலுவ அதைச் சாரத்துல சுத்தி
ஐஸ் அறைக்குள்ள வச்சுட்டானுவ."

பூச்சியமா?

கரண்ட் போன ராத்திரி, தாளில் போட்டுப் பார்த்தேன்.
பூமியின் நடுவிலிருந்து பார்த்தால்
இரண்டு படகுக்கும் இடையே உள்ள கோணம்
அத்தனை சின்னது.
அதன் கோசைனில்
புள்ளிக்குப் பின்னால் ஏழு ஒன்பது வரிசை கட்டி நிற்கும்,
அப்புறம்தான் ஒரு ஏழு.
அந்த ஏழுக்குள் இருந்தது
ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீர்.
இருபத்துநாலு பிட்டுக்கு அதைப் பிடிக்கக் கையில்லை.
ஒன்று என்று முழுதாக்கிவிட்டது.

மிதவைப் புள்ளி என்று பெயர் வைத்தவர்
வலை மிதவையைப் பார்த்தவரோ என்னவோ.
மேலே கனம் கூடினால்
அடியில் உள்ளது அமுங்கிப்போகும்.

ஷெர்ஜினைத் திட்டத்தான் எழுந்தேன்.
அதற்கு முன்னால் அவன் நறுக்கிய வாலை
ஒட்டவைத்து ஓட்டிப் பார்த்தேன்.
அதே பூச்சியம்.
கடைசி இலக்கம்வரை சரியான கோசைன்
கடைசி இலக்கம்வரை பயனற்றது.
தப்பு அவன் விடையில் இல்லை;
நான் கேட்ட கேள்வியில் இருந்தது.

அரைக்கோணத்தின் சைன் என்று
பழைய சூத்திரம் ஒன்று உண்டு, மாலுமிகளுடையது.
சின்னக் கோணத்துக்கு அது சின்னதாகவே இருக்கும்,
ஒன்றின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளியாது.
ஆனால் நின்று நிதானித்துத்தான் வரும்.
நாற்பது நாள் இருபத்தாறு ஆகும்.

"பதினாலு நாளை யாரு தருவா?" என்றான் ஷெர்ஜின்.
டீ ஆறும்வரை சண்டை.
பிறகு அவனே எழுதினான், ஒரே ஒரு வரி:
பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வேகம்,
இப்பால் என்றால் நிதானம்.
தொலைவில் இருப்பவனைப் பற்றி
இருநூறு மீட்டர் பொய் சொல்லலாம்,
அவனுக்கு வலிக்காது.
முப்பத்தெட்டு நாள்.
போன இரண்டையும் ஆளுக்கொன்றாகப்
பங்கு வைத்துக்கொண்டோம்.

ஐந்து வாரம் கழித்து, கரையோரம் சிக்னல் கிடைத்ததும்
பெர்க்மான்ஸிடமிருந்து ஒரு செய்தி.
"இப்ப 31 மீட்டர் காட்டுது.
கிளீட்டஸுக்க படகு. எனக்க மச்சினன்தான்.
ரெண்டு வருசமாப் பேச்சில்ல.
கணக்கு சரி."

ஒரு மீட்டர் கூடலாம், குறையலாம் என்று
பதில் எழுதினேன்.
அதைச் சொல்லாமல் விட்டால்
உறக்கம் வராது எனக்கு.

"எங்களுக்குள்ளயும் அப்பிடித்தான்" என்று வந்தது.